கீழக்கரையில் காண்பனவும் உண்பனவும் செய்வனவும்: ஒரு துறைமுக நகரும் அதன் வானம் பார்த்த பின்னிலமும்

ஆய்வுச் சுருக்கம்

மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள கீழக்கரையைப் பற்றிப் பயணக் கையேடுகள் தரும் செய்திகள் பெரும்பாலும் பள்ளிவாசல்கள், தொதல், கடற்கரை என்ற மூன்றனுள் அடங்கிவிடுகின்றன. இம்மூன்றையும் சுற்றுலாப் பொருள்களாகக் கொள்ளாது வரலாற்றுச் சான்றுகளாகக் கொண்டு வாசிக்க இக்கட்டுரை முயல்கிறது. கட்டடங்கள் புரவலரையும், உணவு கடல்வழியோடு பின்னிலத்தையும், கடல்தொழில் உழைத்தோரையும் காட்டுகின்றன. அருப்புக்கோட்டை, திருச்சுழி, வீரசோழன் ஆகிய மழைமறைவு ஊர்களின் பக்கமிருந்து நோக்கும்போது இந்நகரின் வரலாறு வேறொரு வடிவம் கொள்வதைக் கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கீழக்கரை, வீரசோழன், மரைக்காயர், சேதுபதி, தொதல், சங்குகுளிப்பு, பின்னிலம்

முன்னுரை

பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மஅபர் எனப்பட்ட இக்கடற்கரைக்கு வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, ஃபத்தன் என்னும் துறைமுகத்தைப் பற்றிச் சில வரிகள் எழுதியுள்ளார். பருமனான மரக்கால்களின்மேல் கடலுக்குள் எழுப்பப்பட்டிருந்த மண்டபம் ஒன்றையும், கல்லால் கட்டிய அழகிய பள்ளிவாசலையும் அவர் கண்டார். திராட்சையும் நல்ல மாதுளையும் அங்கு மிகுதியாகக் கிடைத்தன என்கிறார். நிஷாப்பூரைச் சேர்ந்த சடைமுடித் துறவி ஒருவரைச் சந்தித்ததையும், அத்துறவி பழக்கி வைத்திருந்த சிங்கம் பக்கிரிகளோடு அமர்ந்து உண்டதையும் வியப்புடன் குறிக்கிறார். கண்டது, உண்டது, செய்தது என்ற வரிசையிலேயே ஒரு துறைமுகம் நினைவில் பதிகிறது. இன்றைய பயணக் கையேடுகளின் வாய்பாடு புதியதன்று.

ஃபத்தன் எது என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. பெரியபட்டினம், தேவிபட்டினம் முதலிய ஊர்கள் முன்மொழியப்பட்டுள்ளன. கீழக்கரைக்குக் கிழக்கே அமைந்த பெரியபட்டினத்தில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகளை நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு ஆகியோர் ஆராய்ந்து, சோங், யுவான் அரசமரபுக் காலங்களில் இக்கரைக்கும் சீனத்துக்கும் இடையே நிலவிய தொடர்பை உறுதிப்படுத்தியுள்ளனர். இக்கட்டுரைக்கு ஃபத்தனின் இருப்பிடத்தைவிட, அதைக் கண்ட முறையே முதன்மையானது. இப்னு பதூதாவின் கண்ணுக்கு மண்டபம் பட்டது. அம்மண்டபத்தின் மரம் எங்கிருந்து வந்தது என்பது படவில்லை. மாதுளை சுவைத்தது, அதற்கு நீர் இறைத்தவர் தெரியவில்லை. பயணியின் பட்டியலில் இயல்பாகவே விடுபட்டுப்போகும் இப்பகுதியைக் கீழக்கரையின் வழியாக மீட்டெடுக்க முடியுமா என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

வீரசோழனிலிருந்து கடல்

வீரசோழன், விருதுநகர் மாவட்டத் திருச்சுழி வட்டாரத்தில் நரிக்குடிக்கு அருகே உள்ள ஊர். சோழ வேந்தர் ஏற்றிருந்த விருதுப்பெயர் ஒன்றைத் தாங்கி நிற்பது. 1985இல் மாவட்டங்கள் பிரிக்கப்படும்வரை அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வீரசோழனும் இராமநாதபுரம் மாவட்டத்திலேயே இருந்தன. இன்றைய மாவட்ட எல்லை, கடற்கரையையும் உள்நாட்டையும் தனித்தனி வரலாறுகள் உடையனபோலத் தோன்றச் செய்கிறது. நிலவியலோ அவ்வாறு பிரிவதில்லை. திருச்சுழியைத் தொட்டுச் செல்லும் குண்டாறு கமுதி வழியாகத் தென்கிழக்கே இறங்கி மன்னார் வளைகுடாவையே சேர்கிறது. நீர் ஓடும் நாள்கள் ஆண்டில் மிகச் சில என்பது வேறு செய்தி.

வடகிழக்குப் பருவமழையையும் கண்மாய்களையும் நம்பிய நிலம் இது. கண்மாய் நிறைந்தால் ஒரு போகம் நெல். நிறையாவிட்டால் புன்செய்த் தானியம், ஆடு, பனை, தறி. இந்நான்கும் வறட்சியின் விளைவுகளாகவே பொதுவாகப் பேசப்படுகின்றன. ஆயினும் துறைமுகத்தின் பக்கமிருந்து பார்த்தால் இவையே ஏற்றுமதிக்கும் நகர நுகர்வுக்கும் உரிய சரக்குகள். அருப்புக்கோட்டை, பரமக்குடி வட்டாரங்களில் கைத்தறி நெசவு வேரூன்றியதும், சோழமண்டலக் கரைத் துணிக்கு மலாக்கா முதலிய கீழைத் துறைகளில் நீண்டகாலம் தேவை இருந்ததும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை அல்ல. உள்நாட்டு ஊர்களுள் வீரசோழன், அபிராமம், இளையான்குடி போன்றவற்றில் முஸ்லிம் மக்கள் கணிசமாக வாழ்வதும் கடற்கரையை உள்நாட்டோடு பிணைத்த வணிகப் போக்குவரத்தின் பின்னணியில் வைத்து எண்ணத்தக்கது.

வீரசோழனின் ஆட்டுச்சந்தை இன்றும் வாரந்தோறும் கூடுகிறது. பக்ரீத் நெருங்கும்போது அச்சந்தை எவ்வளவு பெருகும் என்பதை அவ்வட்டாரத்தார் அறிவர். ஒரு துறைமுக நகரின் விருந்து மேசைக்கும் ஓர் உள்நாட்டுச் சந்தைக்கும் இடையிலான தொலைவை இவ்விடத்தில் குறித்துக்கொள்ளலாம். உணவைப் பற்றிய பகுதியில் அது மீண்டும் வரும்.

காண்பன: கல்லும் கொடையும்

கீழக்கரைக்கு வருவோர் முதலில் அழைத்துச் செல்லப்படுவது பழைய ஜும்மா பள்ளிக்கு. நபிகள் நாயகம் வாழ்ந்த காலத்திலேயே, கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், யமன் நாட்டுத் தொடர்புடைய வணிகரால் இது எழுப்பப்பட்டது என்பது ஊர் மரபு. இன்று காணப்படும் கற்கட்டடத்தின் தூண்களும் போதிகைகளும் பிற்காலத் தமிழகக் கட்டடக்கலை மரபைச் சேர்ந்தவை. ஆகவே அக்கட்டடத்தைக் கொண்டு ஏழாம் நூற்றாண்டை நிறுவ இயலாது. ஆனால் மரபைப் பொய்யென ஒதுக்குவதும் அதை அப்படியே ஆண்டுக் கணக்காக மாற்றுவதும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள். இசுலாம் தோன்றுமுன்பே அரபு வணிகர் இக்கரையை அறிந்திருந்தனர். அத்தொடர்பின் பழைமையை ஊர் தன் மிகப் பழைய கட்டடத்தின்மேல் ஏற்றி நினைவில் வைத்திருக்கிறது எனக் கொள்வதே பொருந்தும்.

காயல்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களின் பள்ளிவாசல்களைப் போலவே கீழக்கரைப் பள்ளிகளிலும் தட்டையான கற்கூரை, வரிசைத் தூண்கள், பூவேலைப்பாடுடைய போதிகைகள் ஆகியன உள்ளன. கோயில் மண்டபத்தின் கட்டுமான அறிவு அப்படியே இருக்க, உருவச் சிற்பங்கள் மட்டும் விலக்கப்பட்டு அவற்றின் இடத்தில் கொடியும் மலரும் வடிவியற் கோலங்களும் செதுக்கப்பட்டன. தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை குறித்து 2003இல் வெளியான மெஹர்தாத் ஷொகூஹியின் நூல், இக்கரைப் பள்ளிவாசல்களை வட இந்தியச் சுல்தானியக் கட்டடங்களின் சிதைந்த நகல்களாகக் கருதாமல் தனி மரபாகக் கண்டமை குறிப்பிடத்தக்கது. இக்கட்டுரையின் நோக்கில் இதிலிருந்து பெறத்தக்கது ஒன்று உண்டு. இத்தூண்களைச் செதுக்கிய சிற்பியர் உள்நாட்டுக் கோயில்களில் கைபழகிய மரபினர். துறைமுகத்தின் செல்வம் அவர்களைக் கடற்கரைக்கு அழைத்தது.

ஓடக்கரைப் பள்ளி என்ற பெயர் தனியே நோக்கத்தக்கது. ஓடங்கள் வந்து அணைந்த கரை எதுவென்பதை ஒரு தொழுகைத்தலத்தின் பெயர் காட்டிக்கொடுக்கிறது. கல்வெட்டு இல்லாத இடத்தில் இத்தகைய பெயர்களே துறைமுகத்தின் வரைபடம்.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதி கீழக்கரையின் பொற்காலம் எனப் பொதுவாக உரைக்கப்படுகிறது. கிழவன் சேதுபதி எனப்பட்ட இரகுநாத சேதுபதி இராமநாதபுரத்தை ஆண்ட காலம் அது. அவர் 1710இல் மறைந்தார். அவருடைய நம்பிக்கைக்குரியவராக விளங்கியவர் பெரியதம்பி மரைக்காயர் என்ற செய்கு அப்துல் காதிர். தமிழுலகம் அவரைச் சீதக்காதி என அறியும். கப்பல் வணிகராகவும் சேதுபதியின் வணிகப் பொறுப்பாளராகவும் டச்சுக்காரருக்கு அவர் ஓர் இடையூறாகவே இருந்தார். அக்காலத்து மார்க்க அறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பாவின் அறிவுரையும் சீதக்காதியின் பொருளுதவியும் உமறுப்புலவரின் சீறாப்புராணத்துக்குப் பின்புலமாயின. கிழவன் சேதுபதியின் காலம், சீதக்காதியின் கொடை, சேதுபதிகளின் செப்பேடுகள் குறித்து எஸ்.எம். கமால் தொகுத்தளித்துள்ள செய்திகள் இப்பகுதி வரலாற்றுக்கு அடித்தளமாக உள்ளன.

‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்ற பழமொழி உள்நாட்டிலும் வழங்குவது தற்செயலன்று. பஞ்சகாலத்தில் சோறிட்டவர் என்பதே அவரைப் பற்றிய பாடல் மரபின் உயிர்நாடி. பஞ்சம் முதலில் தாக்குவது கண்மாயை நம்பிய ஊர்களை. கடல்வழி நெல் கொண்டுவரக் கப்பலுடைய ஒருவர், மழையற்ற ஆண்டில் வானம் பார்த்த நிலத்தாருக்கு எத்தகைய மனிதராகத் தோன்றியிருப்பார் என்பதை அப்பழமொழியிலிருந்து உணரலாம். நடுத்தெரு ஜும்மா பள்ளி வளாகத்தில் உள்ள அவரது அடக்கத்தலத்தைக் காண்போர் ஒரு வள்ளலின் நினைவிடத்தையே காண்கின்றனர். அக்கொடைக்குரிய பொருள் முத்திலிருந்தும் சங்கிலிருந்தும் துணியிலிருந்தும் திரண்டது என்ற செய்தியை அங்குள்ள கல் சொல்வதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வரும்போது காட்சி மாறுகிறது. காயல்பட்டினத்தில் 1816இல் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்து 1898இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம், அரூஸிய்யா மத்ரசாவை மையமாகக் கொண்டு அரபுத்தமிழ் எழுத்துக்கு ஒரு புத்துயிர் அளித்தார். அவருடைய மாணாக்கர் வட்டம் இலங்கைவரை பரந்திருந்தது. இந்நூல்களைக் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காட்டலாம். ஆயின் அரபு எழுத்தில் எழுதப்பட்ட தமிழை வாசிக்கத் தெரிந்தோர் குறைந்துவரும் நிலையில், பார்வையாளர் காண்பது நூலின் அட்டையை மட்டுமே.

உண்பன: கடல் தந்த செய்முறை, பனை தந்த இனிப்பு

கல்லைவிட உணவு வரலாற்றை நுட்பமாகக் காத்துவைக்கும் என்பதற்குத் தொதல் நல்ல எடுத்துக்காட்டு. அரிசிமாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி ஆகியவற்றை அகன்ற பாத்திரத்தில் இட்டு, அடிபிடிக்காமல் மணிக்கணக்கில் கிளறி, எண்ணெய் பிரிந்து பளபளக்கும் பதத்தில் இறக்கி ஆறவைத்துத் துண்டுபோடுவது இதன் செய்முறை. முந்திரிப்பருப்பும் ஏலமும் வசதிக்கேற்பச் சேரும். கீழக்கரையில் வீடுகளிலும் கடைகளிலும் செய்யப்படும் இப்பண்டம் இன்று வெளியூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் அனுப்பப்படுகிறது.

இப்பெயர் தமிழ் வேர்ச்சொல் எதனோடும் எளிதில் பொருந்துவதில்லை. மலாய், இந்தோனேசியத் தீவுகளில் ‘டோடோல்’ என்றே இதே இனிப்பு வழங்குகிறது. இலங்கையிலும், போர்த்துக்கீசியர் ஆண்ட கோவாவிலும் இதே பெயர். ஆகவே இது மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து கப்பலோடு வந்த செய்முறையாக இருக்கலாம். கேடா, அச்சே, மலாக்காத் துறைகளில் சூலியா வணிகர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் நூற்றாண்டுக் கணக்கில் இயங்கியவர்கள். அவர்களுள் இக்கரை மரைக்காயரும் அடங்குவர். ஈரம் வற்றக் கிளறப்பட்டதால் பல நாள் கெடாதது என்பதும், கப்பற் பயணத்துக்கேற்ற பண்டம் என்பதும் கருதத்தக்கன.

இங்கே ஊன்றி நோக்க வேண்டியது இனிப்பு. மலாய் நிலத்தில் தென்னை முதலியவற்றின் வெல்லம் சேர்கிறது, இலங்கையில் கித்துள் கருப்பட்டி சேர்கிறது, கீழக்கரையில் பனங்கருப்பட்டி. செய்முறை கடலைத் தாண்டியது, இனிப்பு தாண்டவில்லை. அது ஒவ்வொரு கரையிலும் அந்நிலத்து மரத்திலிருந்தே எடுக்கப்பட்டது. சாயல்குடி முதலாக இராமநாதபுரக் கரையோரம் நெடுகப் பரந்த பனங்காடுகளில், கோடைக்காலம் முழுவதும் நாள்தோறும் பலமுறை மரமேறிப் பாளை சீவிப் பதநீர் இறக்குவோரின் உழைப்பே அவ்வினிப்பு. மழை பொய்த்த ஆண்டிலும் பனை பொய்ப்பதில்லை. கடல்கடந்த வணிகத்தின் அடையாளமாகப் போற்றப்படும் ஒரு பண்டத்தின் சரிபாதி, வறண்ட நிலத்தின் விளைபொருள். ‘கீழக்கரைத் தொதல்’ என்ற பெயரில் கரை மட்டுமே இடம்பெற்றது. பனங்காட்டுக்கு அங்கு இடமில்லை.

வட்டலப்பத்தையும் இவ்வாறே வாசிக்கலாம். முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி கலந்து ஆவியில் வேகவைக்கும் இது இலங்கை மலாய் மக்களிடமிருந்து அங்குள்ள முஸ்லிம்களுக்குப் பரவியதாகக் கருதப்படுகிறது. கொழும்பில் கடை வைத்திருந்த கீழக்கரையாரின் வீடுகளில் பெருநாள் காலையின் உணவாக அது நிலைத்தது. டச்சுக்காரர் சாவகத்திலிருந்து இலங்கைக்குக் கொண்டுவந்த படைவீரர், நாடுகடத்தப்பட்டோர் ஆகியோரின் வழித்தோன்றல்களே இலங்கை மலாய் மக்கள் என்பதை எண்ணினால், இக்கரையின் முத்தையும் சங்கையும் தம் பிடிக்குள் வைக்க முயன்ற ஒரு வணிகக் குழுமம், தான் அறியாமலே இக்கரைக்கு ஓர் இனிப்பையும் விட்டுச்சென்றது எனலாம்.

மாசிக்கருவாடு இன்னும் பழைய சான்று. மாலத்தீவில் சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டி மரக்கட்டைபோல் உலர்த்திச் செய்வது. இப்னு பதூதா மாலத்தீவில் இதைக் கண்டு, இந்தியா, சீனம், யமன் நாடுகளுக்கு அது ஏற்றுமதியானதை எழுதியுள்ளார். மாலத்தீவு மொழியில் ‘மஸ்’ என்றால் மீன். அச்சொல்லே மாசியாயிற்று. இடியாப்பத்துக்குத் தொட்டுக்கொள்ளும் மாசிச் சம்பலில் பதினான்காம் நூற்றாண்டுப் பயணி கண்ட சரக்கு இன்றும் உள்ளது. பள்ளிவாசல் தூணுக்கு ஆண்டு குறிக்கத் தடுமாறும் ஆய்வு, அம்மியில் தட்டப்படும் ஒரு துண்டு மாசிக்கு அறுநூறு ஆண்டுக்கு மேற்பட்ட எழுத்துச் சான்று தரமுடிகிறது என்பது சற்று விந்தையே.

விருந்தின் நடுவிடம் ஆட்டிறைச்சிக்கு உரியது. நெய்ச்சோறும் இறைச்சியும் தால்ச்சாவும் ஒரே பெருந்தட்டில் இடப்பட, பலர் சுற்றி அமர்ந்து பகிர்ந்துண்ணும் சஹன் வழக்கம் இக்கடற்கரை முஸ்லிம் ஊர்களில் காணப்படுகிறது. அரபுநாட்டு வழக்கம் என இதைச் சுட்டுவது எளிது. தட்டிலுள்ள ஆடு அரபுநாட்டிலிருந்து வந்ததன்று. கடற்கரை மணலில் மந்தை பெருகுவதில்லை. வீரசோழன் போன்ற சந்தைகளில் கைமாறும் ஆடுகள், கண்மாய் வற்றிய தரையிலும் கருவேலங்காட்டிலும் மேய்ந்தவை. அறுவடை பொய்த்த குடும்பத்துக்கு ஆடே கடைசிச் சேமிப்பு. வட்டிக்கடைக்குப் போகும்முன் சந்தைக்குப் போவது ஆடுதான். ஆகையால் வறட்சி மிகுந்த ஆண்டில் சந்தைக்கு ஆடு கூடுதலாக வரும், விலை இறங்கும். கரையில் ஒரு விருந்து மலிவாக அமையும்போது உள்நாட்டில் ஒரு தொழுவம் காலியாகியிருக்கும். ‘உண்பன’ என்ற தலைப்பின்கீழ் எந்தக் கையேடும் இதைச் சேர்ப்பதில்லை.

இவ்வுணவுகளை ஆக்குவோர் பெரும்பாலும் பெண்கள். மணமானபின் மகள் தாய்வீட்டுப் பக்கமே வாழ்வதும், வீடு மகளுக்குச் சேர்வதும் கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற மரைக்காயர் ஊர்களின் குடும்ப அமைப்பாக மானிடவியலார் பதிவு செய்துள்ளனர். ஆண்கள் கொழும்பு, சென்னை, பிற்காலத்தில் வளைகுடா நாடுகள் எனப் பிரிந்து வாழ, வீடும் சமையற்கட்டும் தாய்வழியே தொடர்ந்தன. கடல் கடந்த செய்முறைகள் கைமாறாமல் நிலைத்தமைக்கு இவ்வமைப்பு ஒரு முதன்மைக் காரணமாகலாம்.

செய்வன: மூச்சும் சட்டமும்

கீழக்கரைப் பக்கம் வரும் உள்நாட்டார் காலங்காலமாகச் செய்துவந்தவை நீராடலும் நேர்ச்சையும். ஆடி, தை அமாவாசைகளில் சேதுக்கரையில் நீராடித் திருப்புல்லாணி ஆதிஜெகந்நாதப் பெருமாளை வணங்குவோரும், ஏர்வாடிச் சந்தனக்கூட்டுக்குச் செல்வோரும் ஒரே சாலைகளில்தான் பயணம் செய்கின்றனர். ஒரே குடும்பம் இரண்டுக்கும் செல்வதும் உண்டு. இதுபற்றிப் பலரும் விரிவாக எழுதியுள்ளனர்.

கடலுக்குள் செய்யப்பட்டதோ வேறு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ இக்கடலின் முத்துக்குளிப்பை விவரித்துள்ளார். ஏப்ரல் முதல் மே நடுப்பகுதிவரை அது நடந்ததையும், விளைவில் பத்திலொரு பங்கு அரசனுக்கும், மந்திரத்தால் பெருமீன்களை அடக்குவோருக்கு இருபதிலொரு பங்கும் சென்றதையும் அவர் குறிக்கிறார். பிற்காலத்தில் கடல்கட்டி எனப்பட்ட இவர்கள் இல்லாமல் குளிப்போர் கடலில் இறங்க மறுத்ததை ஆங்கிலேய அதிகாரிகளும் பதிவு செய்தனர். அதை மூடநம்பிக்கை என்று அவர்கள் கருதினர். இடுப்பில் கயிறும் காலடியில் கல்லுமாக ஒரே மூச்சில் பல பாகம் ஆழம் இறங்கும் ஒருவருக்கு, சுறாவின் வாயைக் கட்டியதாக ஒருவர் சொல்லும் உறுதிமொழி வேறொரு பொருள் உடையது.

முத்து யாருக்கு என்ற போட்டி இக்கரையின் அரசியலையே வடிவமைத்தது. 1530களில் பரதவர் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கிறித்தவம் தழுவினர். 1538இல் மண்டபத்துக்கு அருகேயுள்ள வேதாளையில் மரைக்காயர் கடற்படையைப் போர்த்துக்கீசியர் தோற்கடித்தனர். 1658இல் தூத்துக்குடியும் மன்னாரும் டச்சுக்காரர் கைக்குச் சென்றன. கொடி மாறிக்கொண்டே இருந்தது. முத்துச்சலாபத்தில் சேதுபதிக்குரிய உரிமைகளும் அவ்வப்போது பேரம்பேசப்பட்டன. கல்லைக் காலில் கட்டி இறங்கியோர் மாறவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையின் மரிச்சுக்கட்டிச் சலாபத்துக்குக் குளிக்கச் சென்றோருள் கீழக்கரை முஸ்லிம்கள் பெருந்தொகையினர். 1906இல் அச்சலாபம் இலண்டன் குழுமம் ஒன்றுக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. 1907க்குப் பின் பல ஆண்டுகள் சிப்பி விளையவில்லை. இந்தியக் கரையில் தூத்துக்குடிப் பகுதியில் 1955 முதல் 1961வரை நடந்ததே கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு. அதன்பின் எஞ்சியது சங்கு. ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் வெளியிட்ட சங்கு குறித்த தனிநூல், இராமநாதபுரச் சமஸ்தானச் சங்குச்சலாபத்தையும் கீழக்கரைக் குளிகாரர்களையும் விவரிக்கிறது. இங்கு எடுக்கப்பட்ட சங்கின் பெரும்பகுதி வங்கத்துக்குச் சென்று அறுக்கப்பட்டு, மணமான பெண்களின் வளையலாயிற்று. முஸ்லிம் குளிகாரர் மூச்சடக்கி எடுத்த சங்கு, வங்க இந்துப் பெண்ணின் சுமங்கலிக் குறியாகியதைச் சமய நல்லிணக்கத்தின் சின்னமாகப் பேசுவோர் உண்டு. அதற்குமுன் அக்குளிகாரருக்குச் சங்கொன்றுக்குக் கிடைத்த கூலிக்கும், வளையல் விற்ற விலைக்கும் இடையிலிருந்த தொலைவைப் பேசுவது முறையாகும்.

குளிகாரர் பெரும்பாலும் கடலோரக் குடியினரே எனக் கொள்ளலாம். ஆயினும் படகுக் கூலி, சுமைத்தொழில், உப்பு, கருவாடு எனக் கரையைச் சூழ்ந்த வேலைகளுக்கு உள்நாட்டு மக்கள் தேவைப்பட்டனர். 1876 முதல் 1878வரை நீடித்த பெரும்பஞ்சம் போன்ற காலங்களில் இராமநாதபுரத்து உள்நாட்டார் கரைநோக்கி நடந்தனர். பலர் கரையிலும் நிற்காமல் இலங்கைத் தோட்டங்களுக்குக் கடந்தனர். கடல் சிலருக்கு வணிகவழி, சிலருக்குத் தப்பிக்கும் வழி.

மன்னார் வளைகுடா 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. பூங்காவின் 21 தீவுகளுள் ஏழு கீழக்கரைக் கூட்டத்தைச் சேர்ந்தவை. முல்லி, வாழை, தலையாரி, அப்பா, பூவரசன்பட்டி, வல்லிமுனை, ஆனைப்பார் என்பன அவற்றின் பெயர்கள். இத்தீவுகளில் இசைவின்றிக் கால்வைக்க இயலாது. 2001இல் கடலட்டை முழுமையாகத் தடைசெய்யப்பட்டது. சங்குக்குப் பின் கடலட்டையை நம்பியிருந்த குளிகாரக் குடும்பங்களுக்கு அது பேரிடி. தீவோரப் பாறைகளில் மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்களும் அதே எல்லைக்கோட்டோடு நாள்தோறும் மோதுகின்றனர். பவளப்பாறைகள் வெட்டியெடுக்கப்பட்டுக் கட்டடங்களுக்குச் சென்ற காலம் ஒன்று இருந்தது என்பதையும், பாதுகாப்பு வேண்டுமென்பதற்கு அதுவே போதிய காரணம் என்பதையும் மறுக்கவியலாது. பூவரசன்பட்டித் தீவு இன்று நீருக்குள் மூழ்கிவிட்டது. பவளப்பாறை அகழ்வே அதற்குப் பெருங்காரணமாகச் சொல்லப்படுகிறது. தீவைச் சுமந்த பவளத்தை வெட்டச் சொன்னோர் வேறு, இன்று தீவுக்குச் செல்லத் தடுக்கப்படுவோர் வேறு என்பதே சிக்கல்.

கீழக்கரையில் புரவலருக்கு அடக்கத்தலம் உண்டு, புலவருக்கு நூல் உண்டு, மார்க்க அறிஞருக்கு மத்ரசா உண்டு. குளிகாரருக்கென ஒரு கல்லும் நாட்டப்படவில்லை. அவர்களது காலடிக் கல் ஒன்றும், கயிறும், சிப்பி அள்ளிய வலைப்பையும், சங்கின் விட்டத்தை அளந்த அளவுவளையமும் ஓர் அறையில் வைக்கப்படுமானால், அவற்றுக்கு அருகே பாளைசீவும் அரிவாளும் ஆட்டுச்சந்தையின் தாம்புக்கயிறும் வைக்கப்பட இடமுண்டு. குளிகாரருள் வயது முதிர்ந்தோர் இன்னும் சிலர் உள்ளனர். எத்தனை பாகம் இறங்கினர், எந்தப் பாரில் எந்தச் சங்கு கிடைத்தது, நீரோட்டம் எப்போது திரும்பும் என்பவற்றை அவர்கள் வாய்மொழியாகவே அறிவர். பார்களின் பெயர்கள் பலவும் அச்சேறிய எந்த வரைபடத்திலும் இல்லை.